சாவி கைமாறும் நாளையும் எழுதுங்கள்

வாடகை நீதிமன்றங்களிலும் வாடகைத் தீர்ப்பாயங்களிலும் அமர்ந்து தீர்ப்பு எழுதும் நீதிபதிகளுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு நீதிபதிகள் அவர்களுக்கு,

வணக்கம். நான் சட்டம் படித்தவள் அல்ல. ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். ஆனால் வீட்டைக் காலி செய்யும் வழக்கில் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறேன். 2003இல் தொடங்கிப் பத்து ஆண்டுகள், குடித்தனக்காரர் மேல் வழக்குப் போட்ட வீட்டுக்காரம்மாவின் மகளாக நின்றேன். 2022இல் தொடங்கி இரண்டு ஆண்டுகள், காலி செய்யச் சொல்லப்பட்ட குடித்தனக்காரியாக நின்றேன். முதல் வழக்கில் வென்றோம், இரண்டாவதில் தோற்றோம். வென்றபோதும் தோற்றபோதும் என்னை வாட்டியது ஒன்றுதான். 'வீட்டை ஒப்படைக்க வேண்டும்' என்ற வரி தீர்ப்பில் இருந்தது. எந்த நாளில், எந்தக் கணக்கை முடித்துக்கொண்டு ஒப்படைப்பது என்பது நம்பும்படியாக இல்லை. அதையும் எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் அம்மாவின் வழக்கைச் சொல்கிறேன்.

உறையூரில் தாத்தா கட்டிய வீடு. கீழே ஒரு போர்ஷன், மாடியில் ஒரு போர்ஷன். அப்பா காலமான பிறகு, விசாலமான கீழ்ப் போர்ஷனை வாடகைக்கு விட்டுவிட்டு நாங்கள் மாடிக்குப் போனோம். 1988இல் ஒரு தையல்காரர் குடும்பம் குடிவந்தது. நல்ல மனிதர்கள். பதினைந்து ஆண்டுகள் ஒரு மனத்தாங்கலும் இல்லை. அதற்குள் அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துபோனது. மாடிப்படி மொத்தம் பதினேழு. ஒன்பதாவது படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டுதான் மீதி எட்டு ஏறுவார். படி ஏறக் கூடாது என்று மருத்துவர் சொன்ன அன்று, கீழ் வீட்டைத் தரும்படி தையல்காரரிடம் அம்மா நேரில் போய்க் கேட்டார். தெருவில் இருந்த வாடிக்கை அத்தனையும் அந்த வாசலை நம்பி வருவது, பெண்கள் இருவரும் பக்கத்துப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று அவர் தயங்கினார். தயங்கித் தயங்கி ஒரு வருடம் போனது. பிறகு வக்கீல் வந்தார்.

1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 10(3)(சி) என்று ஒரு பிரிவு இருந்தது. கட்டடத்தின் ஒரு பகுதியில் உரிமையாளர் குடியிருந்து, தன் தேவைக்காக இன்னொரு பகுதியைக் கேட்டால் அந்தப் பிரிவில் மனுப் போட வேண்டும். அதில் ஒரு தராசும் இருந்தது. வீட்டைக் கொடுப்பதால் குடித்தனக்காரருக்கு வரும் கஷ்டம், உரிமையாளருக்குக் கிடைக்கும் நன்மையைவிடப் பெரியது என்று பட்டால், மனுவைத் தள்ளுபடி செய்ய வேண்டும். என் அம்மாவின் முழங்காலையும் தையல்காரரின் பிழைப்பையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தது அந்தச் சட்டம். வீட்டுக்காரம்மாவின் மகளாக இருந்துகொண்டு அன்று எனக்கு அது எரிச்சலாக இருந்தது. இன்று அதைப் போல நியாயமான ஒரு வாசகத்தை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வாடகை மாதம் 1,400 ரூபாய். 400 ரூபாய்க்கு மேல் வாடகை வரும் குடியிருப்புகளுக்கு அந்தச் சட்டத்தின் காப்பு கிடையாது என்று முன்பு ஒரு பிரிவு இருந்ததாம். சமத்துவத்துக்கு முரண் என்று சொல்லி 1986இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால் எங்கள் தையல்காரருக்கு வாதாட இடமே இருந்திருக்காது. அவர் வாதாடியதில் எனக்கு ஒருநாளும் குறை இல்லை.

மனுப் போட்ட அன்றிலிருந்து ஒரே வீட்டில் வாதியும் பிரதிவாதியும் குடியிருந்தோம். வாசல் கதவு ஒன்று. கிணற்று மோட்டார் சுவிட்ச் அவர்கள் தாழ்வாரத்தில், மின்மீட்டர் எங்கள் படிக்கட்டுச் சுவரில். இரண்டு பக்கத்திலும் யாரும் அவற்றில் கை வைக்கவில்லை. பேச்சு மட்டும் நின்றுபோனது. வாடகையைக் கையில் கொடுத்தால் நாளைக்கு வாங்கவில்லை என்பார்கள், பாக்கி என்று இன்னொரு வழக்கு வரும் என்று அவருடைய வக்கீல் சொல்லியிருக்க வேண்டும். அவர் மணியார்டர் அனுப்பத் தொடங்கினார். கீழ் வீட்டிலிருந்து தபால் நிலையம் போய், 70 ரூபாய் கமிஷன் கட்டி, அதே வாடகை தபால்காரர் கையில் திரும்பி வந்து பதினேழு படி ஏறும். தபால்காரர் எங்கள் வாசலில் நின்று கையெழுத்து வாங்கும்போது கீழே தையல் இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்கும். பத்து ஆண்டுகள் இப்படியே.

2006இல் எங்களுக்குச் சாதகமாக உத்தரவானது. இரண்டு மாத அவகாசம். அந்தச் சட்டப்படி எவ்வளவு நீட்டினாலும் மொத்தம் மூன்று மாதத்துக்கு மேல் அவகாசம் தர முடியாது என்று வக்கீல் சொன்னபோது அம்மா கீழ் வீட்டுக்கு எந்தத் திரைச்சீலை போடலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார். ஒரே மாதத்தில் மேல்முறையீடு, அதில் தடை உத்தரவு. மேல்முறையீடு 2009இல் தள்ளுபடியானது. பிறகு சீராய்வு மனு, மறுபடியும் தடை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அன்றைய நாட்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் 'வக்கீல் வரவில்லை', 'வழக்குக் கட்டு வரவில்லை', 'நீதிபதி விடுப்பு' என்று அம்மா எழுதி வைப்பார். நூல் கோத்து வைத்திருந்த அந்தக் கட்டில் அறுபத்தொரு தாள்கள் இருந்தன.

2013இல் உயர் நீதிமன்றத்தில் வந்த உத்தரவுதான் நான் இந்த மடல் எழுதுவதற்கே காரணம். சீராய்வு மனு தள்ளுபடி. ஆனால் அதோடு அது முடியவில்லை. ஆறு மாத அவகாசம். இந்தத் தேதிக்குள் நானே காலி செய்கிறேன், வேறு யாரையும் உள்ளே விடமாட்டேன், அதுவரை வாடகையைத் தவறாமல் கட்டுகிறேன் என்று குடித்தனக்காரர் இரண்டு வாரத்தில் உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் அவகாசம் தானாக ரத்து, தீர்ப்பை நிறைவேற்றித் தரக் கேட்கும் நிறைவேற்று மனுவை உடனே நடத்தலாம். கடைசிப் படியில் தோற்கிறவருக்கு உயர் நீதிமன்றங்களும் உச்ச நீதிமன்றமும் வழக்கமாகத் தரும் உத்தரவுதான் அது, புதுமை ஒன்றும் இல்லை என்றார் எங்கள் வக்கீல்.

எங்களுக்கு அது புதுமையாக இருந்தது. பத்து ஆண்டுகளில் முதன்முறையாக இரண்டு குடும்பங்கள் கையிலும் ஒரு தேதி இருந்தது. தையல்காரர் அடுத்த வாரமே புதிய இடம் தேடத் தொடங்கினார். அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய முன்பணத்துக்கு அம்மா ஒரு சீட்டை எடுத்தார். தேதிக்கு நான்கு நாள் இருக்கும்போது அவர்கள் கிளம்பினார்கள். வீட்டைக் கைப்பற்றித் தரும் நீதிமன்ற ஊழியரான அமீனா வரவில்லை, போலீஸ் வரவில்லை, பூட்டு உடையவில்லை. தையல்காரரின் மனைவி வீட்டை முழுக்கப் பெருக்கி, வெறும் வீடாக விட்டுப் போகக் கூடாது என்று அடுப்படியில் ஒரு கிண்ணம் நிறையக் கல்லுப்பு வைத்துவிட்டு, படியேறி வந்து சாவியை அம்மா கையில் கொடுத்தார். அம்மா முன்பணத்தைக் கொடுத்தார். எண்ணிப் பார்க்கச் சொன்னார். அவர் எண்ணவில்லை. பத்து ஆண்டுகள் பேசாத இரண்டு பெண்கள் ஒன்பதாவது படியில் உட்கார்ந்து அழுதார்கள்.

இந்த உத்தரவை 2006இல் முதல் நீதிமன்றமே எழுதியிருந்தால் என்ன? மேல்முறையீடு செய்யும் உரிமையை யாரும் பறிக்க வேண்டாம். ஆனால் தோற்றவர் ஏன் மேல்முறையீட்டுக்கு ஓடுகிறார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். நீதி கிடைக்கும் என்று ஓடுகிறவர் சிலர். பெரும்பாலானவர்கள் நாள் கிடைக்கும் என்று ஓடுகிறார்கள். பெண்ணின் படிப்பு முடியவேண்டும், புது வீட்டு முன்பணம் சேரவேண்டும். கேட்டு வாங்க வழியிருந்தால், தடை உத்தரவு என்ற பெயரில் அதை யாரும் தேடிப் போகமாட்டார்கள்.

இனி என் வழக்கு.

பழைய சட்டம் போய், உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் எண்ணத்தை நான் வரவேற்கிறேன். எல்லா வாடகையும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிவாக வேண்டும். சாட்சியம் பிரமாணப் பத்திரமாக வரட்டும், விசாரணை சுருக்கமாக முடியட்டும் என்கிறது. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திக் குடித்தனக்காரரை விரட்டக் கூடாது என்கிறது. அம்மாவின் அறுபத்தொரு தாள்களை நினைத்துக்கொண்டு, நல்லது நடந்திருக்கிறது என்றுதான் அந்தச் செய்தியைப் படித்தேன்.

அப்போது நாங்கள் பெரம்பூரில் ஒரு வீட்டில் எட்டாவது ஆண்டாகக் குடியிருந்தோம். 2011இல் வந்தபோது வாடகை 9,000, அட்வான்ஸ் பத்து மாதத்துக்கு 90,000. சென்னையில் பத்து மாதம் என்பது எழுதப்படாத விதி. எங்கள் வாடகையும் எழுதப்படாததுதான், வாய்ப்பேச்சு. புதிய சட்டத்தைப் பற்றிப் படித்ததும், ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரரிடம் என் கணவர் கேட்டார். "இத்தனை வருடம் காகிதத்தை வைத்தா பழகினோம்?" என்று சிரித்துவிட்டார். இரண்டாவது முறை கேட்டபோது, பதிவு என்று போனால் வருமான வரிக்காரர்கள் வருவார்கள் என்றார். மூன்றாவது முறை நாங்கள் கேட்கவில்லை. வீட்டைக் கொடுத்தவரிடம் காகிதம் கேட்டு நச்சரித்தால் வீடே போய்விடும் என்ற பயம் குடித்தனக்காரருக்குத்தான் தெரியும்.

சட்டம் வருவதற்கு முன்பே வாய்ப்பேச்சில் குடியிருந்தவர்கள் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளத் தந்த கெடு, திருத்தங்களுக்குப் பிறகு, 575 நாட்கள். 2019 பிப்ரவரி 22இலிருந்து எண்ணிப் பாருங்கள், 2020 செப்டம்பரில் முடிகிறது. அதன் கடைசி ஆறு மாதம் ஊரடங்கு. பால் வாங்கப் போவதற்கே நேரம் குறித்திருந்த மாதங்கள் அவை.

2022இல் எங்கள் மேல் மனு வந்தது. வாடகை பாக்கி என்று இல்லை. வீட்டைக் கெடுத்தோம் என்று இல்லை. அவருக்குச் சொந்தத் தேவை என்றுகூட இல்லை. புதிய சட்டத்தின் 21(2)(ஏ) பிரிவு. உரிமையாளரும் வாடகைதாரரும் ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறிவிட்டார்கள், ஆகவே வீட்டைத் திரும்பத் தரவேண்டும். அவ்வளவுதான் அந்தப் பிரிவு. யார் கேட்டார், யார் மறுத்தார் என்று அதில் ஒரு சொல் இல்லை. பழைய சட்டத்தில் வாடகை பாக்கிக்கே 'வேண்டுமென்றே' என்ற சொல் காவல் இருந்தது. இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்தும் கட்டாமல் இருந்தால் அது வேண்டுமென்றே செய்தது, அப்படி நோட்டீஸ் இல்லாத இடத்தில் நீதிமன்றம் நடந்ததைப் பார்த்து முடிவு செய்யட்டும் என்று 1985இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்குகளிலேயே விளக்கம் தந்தது. பணம் கட்டாதவரின் மனத்தை அன்று நீதிமன்றம் தேடிப் பார்த்தது. மாதம் தவறாமல் பதினோரு ஆண்டுகள் கட்டிய எங்கள் மனத்தைப் பார்க்க இந்தப் பிரிவில் இடமில்லை.

என் வீட்டுக்காரர் கெட்டவர் என்று நான் சொல்லவரவில்லை. அவர் வீடு அவருடையது. நாங்கள் 14,000 கொடுத்துக்கொண்டிருந்த வீட்டுக்கு 22,000 தர ஆள் இருந்தது. ஓய்வூதியம் இல்லாத மனிதர். என் அம்மாவும் ஒருநாள் அப்படி வாடகையை எண்ணி வாழ்ந்தவர்தான். அந்த உரிமையை நான் மறுக்கவில்லை, மேல்முறையீடும் செய்யவில்லை. தன் மறுப்பையே தன் வழக்குக்குக் காரணமாகக் காட்டி ஒருவர் வெல்லும்போது, தோற்றவருக்குக் குறைந்தபட்சம் நாளும் பணமுமாவது ஒழுங்காகக் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

2024 ஜனவரி நடுவில் உத்தரவானது. இரண்டு மாதம். அன்று அந்த அறையில் ஏகப்பட்ட வழக்குகள் அழைக்கப்பட்டன. எங்கள் மகள் பத்தாம் வகுப்பு, மார்ச் 26இல் பொதுத்தேர்வு தொடங்குகிறது என்று எங்கள் வக்கீல் எழுந்து சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் ஏதோ சொன்னார். அதற்குள் டவாலி அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார். உத்தரவின் நகல் கைக்கு வந்தபோது அதில் இரண்டு மாதம் என்றுதான் இருந்தது. அட்வான்ஸைப் பற்றி ஒரு வரி இல்லை. அதற்குத் தனியாக மனுப் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள்.

கணக்கு எழுதுகிறவள் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். பிணைத்தொகை மாத வாடகையைப் போல மூன்று மடங்குக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. வேறு உடன்பாடு இருந்தால் ஒழிய என்று ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. சென்னையே அந்தக் கதவு வழியாகத்தான் போய்வருகிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிணைத்தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஒரு பிரிவு. முன்கூட்டியே வாங்கிய வாடகை முதலான பணத்தைக் கழிவு போக வீட்டைப் பெறுவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும் என்பது இன்னொரு பிரிவு. நாம் 'அட்வான்ஸ்' என்று சொல்கிற அந்தப் பணம் இவற்றில் எது? பெயரில் அது முன்பணம். திருப்பிக் கொடுக்கிற வீட்டுக்காரருக்கு அது பிணைத்தொகை, அதுவும் சாவி வாங்கிய பிறகு. வாங்குகிற குடித்தனக்காரருக்கோ சாவியைக் கொடுப்பதற்கு முன்பு அந்தப் பணம் வந்தால்தான் அடுத்த வீட்டின் சாவியே கிடைக்கும். புதிய வீட்டுக்காரர் ஒரு மாதம் காத்திருக்கமாட்டார்.

நாங்கள் நகையை அடகு வைத்தோம். புதிய வீட்டு அட்வான்ஸ் 1,20,000. பழைய வீட்டுக்காரர் அன்று கொடுத்தது 30,000. வண்ணம் பூசவும் குழாய் மாற்றவும் 25,000 கழித்துக்கொண்டார், ரசீது இல்லை. மீதி 35,000 இன்னும் வரவில்லை. அந்தப் பணத்துக்கு நாங்கள் மாதாமாதம் அடகுக் கடையில் வட்டி கட்டியிருக்கிறோம்.

மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. நிறைவேற்று மனு போட்டுவிட்டார், எந்த நாளும் அமீனா வரலாம் என்று வக்கீல் சொன்னதால் அன்றே மாறினோம். அமீனா எந்த நாளில் வருவார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள். பாத்திரம், துணி, புத்தகம் என்று பதினான்கு சாக்கு மூட்டைகள். புது வீட்டில் இறக்கிய பிறகு மகளின் அறிவியல் புத்தகம் எந்த மூட்டையில் என்று தெரியவில்லை. இரவு பதினோரு மணிக்கு, மின்விசிறி இன்னும் மாட்டாத கூடத்தில், ஒவ்வொரு சாக்காகப் பிரித்துத் தேடினாள். ஒன்பதாவது மூட்டையில், அரிசிச் சல்லடைக்கும் இட்லித் தட்டுக்கும் நடுவில் இருந்தது. அவள் எங்களைத் திட்டவில்லை. புத்தகத்தை எடுத்துத் துடைத்துவிட்டு, "அந்த நீதிபதிக்கு மார்ச்சில் பரீட்சை என்று தெரியாதா?" என்று மட்டும் கேட்டாள்.

தெரிந்திருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன். கேட்கப்படவில்லை, அதனால் எழுதப்படவில்லை. கேட்பதற்கு என்று ஒரு இடத்தை உங்கள் நடைமுறையில் நீங்களே உண்டாக்க வேண்டும். 'காலி செய்ய வேண்டும்' என்று முடிவானவுடன் தீர்ப்பை மூடிவிடாமல், இரண்டு தரப்பையும் நிறுத்தி நான்கு கேள்வி கேளுங்கள். வீட்டில் படிக்கிறவர், படுக்கையில் இருக்கிறவர், பேறுகாலத்தில் இருக்கிறவர் உண்டா? உரிமையாளருக்கு வீடு எந்தத் தேதிக்குள் கட்டாயம் தேவை, ஏன்? கையில் இருக்கும் முன்பணம் எவ்வளவு? அதில் எதை, எந்த ரசீதைக் காட்டிக் கழிக்கிறார்? பத்து நிமிடம் ஆகலாம். என் அம்மாவுக்குப் பத்து ஆண்டுகள் ஆயின.

தேதி வெறும் அவகாசமாக இருக்கக் கூடாது. உயர் நீதிமன்றம் எங்கள் வீட்டுக்குச் செய்ததுபோல, உறுதிமொழிப் பத்திரத்தோடு கட்டுங்கள். எழுதிக் கொடுத்துவிட்டு மீறுகிறவருக்கு இரக்கம் வேண்டாம், வீட்டுக்காரம்மாவின் மகளாகவும் சொல்கிறேன். கெடு தாண்டித் தங்கினால் இரட்டை வாடகை என்று சட்டமே சொல்கிறது. மேல்முறையீட்டில் தடை கேட்கிறவருக்கும் இதே கண்டிப்பு வேண்டும். காலி செய்ய உத்தரவான நாளிலிருந்து, தங்கியிருக்கும் காலத்துக்குச் சந்தை வாடகையைக் கட்டச் சொல்லித் தடையை நிபந்தனையோடு தரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2004 டிசம்பரிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எங்கள் வழக்கில் இரண்டு முறை தடை வந்தது. இரண்டு முறையும் அதே 1,400 ரூபாய்தான் படியேறி வந்தது.

முன்பணத்தையும் அதே உத்தரவில் முடித்துவிடுங்கள். வீட்டைப் பெறுகிறவர் கழிவு போகப் பணத்தை முன்னதாக நீதிமன்றத்தில் கட்டட்டும், சாவி ஒப்படைத்த அன்று குடித்தனக்காரர் எடுத்துக்கொள்ளட்டும். கட்டாதவருக்குப் பொசஷன் இல்லை. வங்கிக் கணக்கை முடக்கிப் பணம் வசூலிக்கும் அதிகாரம் நிறைவேற்று நடவடிக்கையில் உங்களுக்கு உண்டு. அந்த அதிகாரம் வீட்டுக்காரரின் வாடகை பாக்கிக்கு மட்டும் என்று எங்கும் எழுதவில்லையே.

21(2)(ஏ) பிரிவைத் திருத்துவது சட்டமன்றத்தின் வேலை, உங்கள் வேலை அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒப்பந்தத்தை யார் மறுத்தார் என்பதைத் தீர்ப்பில் ஒரு பத்தியாகப் பதிவு செய்ய உங்களை எதுவும் தடுக்கவில்லை. மறுத்தவர் உரிமையாளர் என்று தெரிந்தால், அவகாசத்தைக் கூட்டுங்கள். அப்படிப் பத்திகள் சேர்ந்தால்தான் சட்டமன்றத்துக்கும் விஷயம் தெரியவரும்.

குடித்தனக்காரர்களுக்கு இவ்வளவு இடம் கொடுத்தால் வீடுகளைப் பூட்டியே வைப்பார்கள், வாடகைக்கு விட யாரும் முன்வரமாட்டார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். வீட்டுக்காரர்கள் பூட்டி வைப்பது தேதி தெரியாத பயத்தால்தான். அம்மா அந்தக் கீழ் வீட்டில் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தார், அத்தனை காலமும் மாடிப் போர்ஷனை யாருக்கும் விடவே இல்லை. "மறுபடியும் தாள் கிழிக்க எனக்கு ஆயுள் இல்லை" என்பார். ஆறு மாதத்தில் திரும்பிவிடும் என்று நீதிமன்றம் ஒரு தேதி கொடுத்து, அந்தத் தேதி நிற்கும் என்றிருந்தால், விட்டிருப்பார்.

நான் சொல்வது ஒரு வீட்டுக் கதை என்று தள்ள வேண்டாம். நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 மார்ச் 6 அன்று, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், எத்தனை மனுக்கள் நிலுவை என்று எல்லா உயர் நீதிமன்றங்களிடமும் கணக்குக் கேட்டது. வந்த கணக்கு நாடு முழுவதும் எட்டு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல். தமிழ்நாட்டில் மட்டும் எண்பதாயிரத்துக்கு மேல். எல்லாம் வீட்டு வழக்குகள் அல்ல. ஆனால் எல்லாமே ஏற்கெனவே யாரோ வென்றுவிட்ட வழக்குகள்.

கடைசியாக, உத்தரவின் இறுதிப் பத்தி எப்படி இருக்கலாம் என்று என் கணக்குப் பேரேட்டுத் தமிழில் எழுதிப் பார்த்தேன். அதிகப்பிரசங்கம் என்று கொள்ளாமல் படித்துப் பாருங்கள்:

"எதிர்மனுதாரர் மே 31 அன்று அல்லது அதற்கு முன் வீட்டை மனுதாரரிடம் ஒப்படைக்க வேண்டும். இதற்கான உறுதிமொழிப் பத்திரத்தை இரண்டு வாரத்தில் தாக்கல் செய்ய வேண்டும். மனுதாரர் வசம் உள்ள முன்பணம் 90,000 ரூபாயில், ரசீதோடு மெய்ப்பிக்கப்பட்ட கழிவு போக மீதியை மே 15க்குள் இந்த நீதிமன்றத்தில் கட்ட வேண்டும். சாவி ஒப்படைக்கப்பட்ட அன்றே அதை எதிர்மனுதாரர் பெற்றுக்கொள்ளலாம். உறுதிமொழி மீறப்பட்டால், ஏழு நாள் முன்னறிவிப்போடு, குறித்த தேதியில் அமீனா வீட்டைக் கைப்பற்றி ஒப்படைப்பார்."

தேதியும் தொகையும் ஒவ்வொரு வீட்டுக்கும் மாறும். 2013ஆம் ஆண்டு உத்தரவின் சான்றிட்ட நகல் அம்மாவின் டிரங்குப் பெட்டியில், அந்த அறுபத்தொரு நாட்காட்டித் தாள்களோடு இருக்கிறது. உங்களில் யாருக்காவது பார்க்க வேண்டும் என்று தோன்றினால் சொல்லியனுப்புங்கள், கொண்டுவந்து தருகிறேன்.

பணிவுடன்,
பெரம்பூரில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒருத்தி